சமையலறையில் வாங்கிய சம்மதம்

அந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வசனம் இருக்கிறது. ‘வேறு எதையாவது அகற்ற வேண்டும் என்று கண்டால் நிறுத்துங்கள். நான் கண் விழித்தபின் என்னிடம் கேளுங்கள்.’ ஜெர்மன் மொழியில், நீல மையில், எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். எழுதி முடித்ததும், இது மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்று பயந்து எதிரே இருந்த வைத்தியரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அந்த மன்னிப்பை இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. சுவிஸில், டீட்டிகோன் நகரில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை. பதினொரு வயதில் மன்னாரிலிருந்து அம்மாவோடு வந்தவள். பள்ளிக்கூடமும் தொழிற்பயிற்சியும் இங்கேதான். கணவர் ஜூட் வளர்ந்தபின் வந்தவர், சூக் நகரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். மகள் ரியாவுக்கு நாலு வயது. அவளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்று நாங்கள் காத்திருந்த காலத்தில்தான் எனக்கு அடிவயிற்றின் வலது பக்கம் வலிக்கத் தொடங்கியது.

முதலில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்த வலி என்று நினைத்தேன். பிறகு, நினைப்பதை நிறுத்திவிட்டு இணையத்தில் தேடினேன். அது இன்னும் மோசம். குடும்ப வைத்தியரிடம் போனபோது என்னிடம் ஏழு சாத்தியங்கள் எழுதிய ஒரு தாள் இருந்தது. அவர் அதை வாங்கிப் படித்து, மடித்து, தன் மேசையில் வைத்துக்கொண்டார். அல்ட்ராசவுண்ட் எடுத்ததில் வலது சூலகத்தில் எட்டு சென்டிமீற்றர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது.

பெண்ணுக்கு இரண்டு சூலகங்கள். கருமுட்டை உருவாகும் இடம் அது. பக்கத்திலேயே கருக்குழாய், முட்டை அதன் வழியாகத்தான் கருப்பைக்குப் போகும். என் கட்டியின் பெயர் டெர்மொயிட். புற்றுநோய் இல்லை. உள்ளே கொழுப்பு, தலைமயிர், சிலவேளை ஒரு பல்கூட இருக்குமாம். ஜூட்டிடம் இதைச் சொன்னபோது அவர், “பல்லும் மயிரும் எண்டால், ரியாவின்ர குணமும் இருக்குமோ?” என்று கேட்டார். அந்த வாரம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டி பெரிதாக இருந்தால் சூலகம் அதன் பாரத்தில் முறுகிக்கொள்ளும், அப்படி நடந்தால் அவசரமாக வெட்ட வேண்டி வரும், அதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். வயிற்றில் மூன்று சிறிய துளைகள் போட்டு, கமராவும் மெல்லிய கருவிகளும் விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை. கட்டியை உரித்து எடுத்துவிட்டு, சூலகத்தை அங்கேயே விடுவதுதான் திட்டம்.

மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சண்டை கட்டடத்தோடு இல்லை.

சத்திரசிகிச்சைக்கு ஐந்து நாட்களுக்கு முன் விளக்கம் சொல்ல அழைத்தார்கள். ஓர் இளம் பெண் வைத்தியர், படிவத்திலிருந்த கருப்பைப் படத்தின்மேல் பேனாவால் வரைந்து காட்டினார். நான் ஏற்கெனவே பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினான்குக்கும் பதில் சொன்னார். ‘உள்ளே போனபின் எதிர்பாராத ஏதாவது கண்டால்?’ என்ற கேள்விக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் கேட்காமல் செய்வோம், மற்றபடி உங்கள் விருப்பத்தை எழுதுங்கள் என்று கீழே வெற்றிடத்தைக் காட்டினார். அங்கேதான் அந்த வசனத்தை எழுதினேன். அனுமதிப் படிவத்தில் நெருங்கிய உறவினரின் தொலைபேசி இலக்கம் கேட்டிருந்தார்கள். வழமைபோல ஜூட்டின் இலக்கத்தைக் கொடுத்தேன்.

கத்தியைப் பிடிக்கப்போகிறவர் வேறொருவர், பெரிய வைத்தியர். அவரைச் சத்திரசிகிச்சையன்று காலை சக்கரக் கட்டிலில் படுத்தபடி பார்த்தேன். தொப்பிக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே இரண்டு கண்கள். எல்லாம் நல்லபடி நடக்கும் என்றார். நன்றி சொன்னேன்.

கண் விழித்தபோது இரண்டு தோள்களும் வலித்தன. வயிற்றை ஊதுவதற்கு விடும் காற்றில் கொஞ்சம் உள்ளே தங்கிவிடுமாம், அது தோளில்தான் வலிக்குமாம். வயிற்றை வெட்டினால் தோள் நோவது எனக்கு விசித்திரமாக இருந்தது. அன்று பின்னேரம் ஜூட் ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கொண்டை காதுக்கு மேலே, மற்றது கழுத்துக்குப் பக்கத்தில். போனில் வீடியோ பார்த்து அப்பா கட்டிவிட்டாராம். ஓர்லிகோனில் கடை வைத்திருக்கும் பீற்றர் அண்ணையின் மனைவி இடியப்பமும் சொதியும் கொடுத்து அனுப்பியிருந்தா. சாப்பிட முடியவில்லை, மூடியைத் திறந்து மணத்தை மட்டும் பிடித்தேன்.

அடுத்த நாள் காலை பெரிய வைத்தியர் வந்தார். பின்னால் நாலு பேர். எல்லாம் சிறப்பாக முடிந்தது என்றார். கட்டி சூலகத்தோடு நன்றாக ஒட்டியிருந்ததாகவும், அதனால் வலது சூலகத்தையும் கருக்குழாயையும் சேர்த்தே எடுத்துவிட்டதாகவும், இடது பக்கம் அழகாக இருப்பதாகவும் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “உங்கள் கணவரிடம் கேட்டோம். அவர் சம்மதித்தார்,” என்றார்.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் என் மேல்தான். சரியாகக் கேட்கவில்லையோ? மருந்து மயக்கமோ? பிறகு கேட்டேன், இரத்தப் பெருக்கு ஏதும் ஏற்பட்டதா என்று. இல்லை. உயிருக்கு ஆபத்து? இல்லவே இல்லை, எல்லாம் அமைதியாக நடந்தது. அப்படியென்றால் நான் எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்டேன். அவர், இரண்டாவது தடவை மயக்க மருந்து கொடுத்து வெட்டும் சிரமத்திலிருந்து என்னைக் காப்பாற்றியதாகச் சொன்னார். அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த கட்டிலில் மொனிக்கா. ட்ராம் ஓட்டுபவள், நாற்பது வயதிருக்கும், கருப்பையில் கட்டி எடுத்திருந்தார்கள். அவர்கள் போனதும் திரைச்சீலையை இழுத்துத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: “நான் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால் யாருக்கும் அடிபடாவிட்டாலும் மேலதிகாரி முன்னால் நிற்க வேண்டும். அடிபடவில்லை என்பது பதில் இல்லை.” பிறகு தன் குறுக்கெழுத்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துத் தந்தாள். நடந்ததை எழுது, நேரத்தையும் எழுது என்றாள். எழுதினேன்.

ஜூட் பின்னேரம் வந்தபோது நான் கேட்டேன். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டொக்டர் போன் அடிச்சவர்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேல புகை இழுக்கிற மெசின் சத்தம், ஒரு பக்கம் ஓர்டர் கத்துறாங்கள். அவர் கனக்கக் கதைச்சவர். நான் எல்லாம் நல்லா முடிஞ்சுது எண்டுதான் சொல்லுறார் எண்டு நினைச்சன்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“யா, யா எண்டனான். வேற என்னத்தைச் சொல்லுறது?”

இந்த ‘யா, யா’, ஜெர்மனில் ‘ஆம், ஆம்’, எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. வந்த முதல் மாதத்தில் பழகுவது. சமையலறையில் தலைமைச் சமையல்காரர் சொல்வது விளங்காவிட்டாலும் யா. வீட்டுக்காரர் படியில் மறித்துச் சொல்வதற்கும் யா. விளங்கவில்லை என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லை என்று பயந்து தொடங்கியது, பிறகு மரியாதை ஆகிவிட்டது. வைத்தியரிடம் என்றால் இரண்டு யா. ஜூட்டின் போனைப் பார்த்தேன். அழைப்பு ஒரு நிமிடம் பதினாறு செக்கன். அந்த நேரத்துக்குள் என் சூலகத்தைப் பற்றிக் கதைத்து முடித்துவிட்டார்கள்.

அவர்மேல் கோபம் வந்ததா? வந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து, வீட்டுக்கு விடாமல் இன்னும் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் அவரோடு அளந்துதான் பேசினேன். ஆனால் படுத்துக் கிடந்து யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவாகியது. ஜூட் ஒரு தவறு செய்தார். ஆனால் அவரிடம் கேள்வி கேட்டதே முதல் தவறு. மேசையில் என் கோப்பு கிடந்தது. மூன்றாம் பக்கத்தில் என் வசனம் கிடந்தது. அதைப் புரட்ட ஒரு நிமிடம் பதினாறு செக்கன் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் சத்திரசிகிச்சை அறிக்கையைக் கேட்டு எழுதினேன். நோயாளி கேட்டால் கொடுக்க வேண்டும். வந்தது. ‘கணவரின் சம்மதம் தொலைபேசியில் பெறப்பட்டது’ என்று ஒரு வரி. முறைப்பாட்டை முதலில் மருத்துவமனைக்கே அனுப்பினேன். தொடர்பாடல் எனக்குத் திருப்தியளிக்காததையிட்டு வருந்துவதாகப் பதில் வந்தது. எனக்குத் திருப்தியளிக்காதது தொடர்பாடல் இல்லை. அவர்கள் எடுத்தது என் உடலில் இருந்தது.

வேறொரு பெண்நோய் வைத்தியரிடமும் காட்டினேன். உரித்து எடுத்திருக்கலாமோ என்று கேட்டதற்கு, படங்களைப் பார்த்துவிட்டு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். ஒரு சூலகத்தோடும் பிள்ளை பெறலாம் என்று ஆறுதல் சொன்னார். எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு நாளைக்கே பிள்ளை தங்கினாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கும். ஏன் என்னிடம் கேட்கவில்லை?

வைத்தியர்களுக்குத் தொழில் அனுமதி கொடுப்பது மாநிலத்தின் சுகாதாரத் திணைக்களம். அந்த அனுமதியோடு வரும் கடமைகளை ஒருவர் மீறினால் விசாரிப்பதும் அவர்கள்தான். எச்சரிக்கலாம், எழுத்தில் கண்டிக்கலாம், அபராதம் போடலாம், தொழில் செய்யவே தடை விதிக்கலாம். முறைப்பாடு செய்தவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. இதைச் சொன்னபோது சொந்தக்காரர்கள் எல்லோரும், அப்படியென்றால் எதற்கு என்று கேட்டார்கள். அடுத்த முறை அந்த வைத்தியர் போனை எடுக்கும் முன் மூன்றாம் பக்கத்தைப் புரட்டுவதற்கு.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அதுதான் எங்கள் வீட்டை இரண்டு மாதம் ஆட்டிவைத்தது. நாங்கள் மூவரும் சேர்ந்து குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். ஜூட் ஜெர்மன் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினார். நகரசபையின் நேர்முகம் மட்டும் மிச்சம். இந்த நேரத்தில், வைத்தியர் சொன்னது தனக்கு விளங்கவில்லை என்று ஜூட் தன் கையெழுத்தோடு ஓர் அரச திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அது இல்லாமல் என் முறைப்பாடு நிற்காது. அறிக்கையின் அந்த ஒற்றை வரியில் அவர் சம்மதித்ததாகத்தானே இருக்கிறது.

பீற்றர் அண்ணை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜூட்டின் பெரியப்பா மகன். எங்கள் ஆட்கள் பாதிப்பேரின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். ஜூட்டின் முதல் வேலையும் அவரால் கிடைத்தது.

“தங்கச்சி, பிழை டொக்டரிலதான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா குடியுரிமை கைக்கு வாற நேரத்தில பெரிய டொக்டரோட கொழுவிறதோ? பாஷை தெரியாது எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிறதோ?”

“அப்ப விடச் சொல்லுறீங்களோ, அண்ணை?”

“விடச் சொல்லேல்லை. லைன் கிளியர் இல்லை எண்டு போடுங்கோ. ஆருக்கும் நட்டம் இல்லை.”

நல்ல யோசனையாக இருந்தது. அதுதான் பயங்கரம். அவர் இருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்து அப்படியே எழுதினேன்: ‘தொலைபேசி இணைப்புத் தெளிவாக இல்லாததால்...’ மூன்று தடவை வாசித்தேன். அச்சிட்டேன். ஜூட்டிடம் பேனாவைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து, மெதுவாகப் படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“லைன் நல்லாத்தான் இருந்தது,” என்றார். “எனக்குத்தான் விளங்கேல்லை. அவர் என்னைக் கேட்டிருக்கவும் கூடாது. அப்பிடியே எழுதும்.”

“நேர்முகத்தில இதைப் பிடிச்சினம் எண்டால்?”

“பிடிக்கட்டும். நான் யா எண்டு சொல்லிச் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது.”

பீற்றர் அண்ணை எழுந்து சப்பாத்தைப் போட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கதவடியில் நின்று, பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னார். சாதாரண தபாலை நம்பவேண்டாமாம்.

அனுப்பி மூன்று வாரத்தில் திணைக்களத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. என்னைப் பற்றிய விடயங்களை வைத்தியர் அவர்களிடம் சொல்வதற்கு, தொழில் இரகசியத்திலிருந்து அவரை நான் விடுவிக்க வேண்டுமாம். விடுவிப்பதற்கு என் கையொப்பம் வேண்டுமாம். படித்துவிட்டு மேசையில் தலை வைத்துச் சிரித்தேன். ரியா பயந்துபோய் என் முதுகைத் தடவினாள். என் உள்ளுறுப்பை எடுக்கக் கணவரின் ஒரு ‘யா’ போதுமாக இருந்தது. அதைப் பற்றிக் கதைக்க என் கையொப்பம் வேண்டும். நோயாளி என்ற இடத்தில் ஒரேயொரு கோடு. கணவருக்கு இடமே இல்லை. நிதானமாகக் கையொப்பமிட்டேன்.

பதிலுக்குக் காத்திருந்த மாதங்களில் இன்னொன்று என்னை அரித்தது. அதையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரையில் நான் மட்டும் நல்லவளாகிவிடுவேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மாவுக்கு ஒரு பரிசோதனை. நான்தான் மொழிபெயர்ப்பாளர். மருத்துவ மாணவர்கள் சிலர் உள்ளே நின்று பார்க்கலாமா, அம்மாவிடம் கேள் என்றார் தாதி. எனக்கு வகுப்போடு நீச்சலுக்குப் போக அவசரம். அம்மாவின் பக்கம் திரும்பாமலே ஓம் என்றேன். அம்மா உடை மாற்றிக்கொண்டு உள்ளே போனபோது நாலு இளைஞர்கள் நின்றார்கள். அம்மா என்னிடம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் போன மாதம்தான் மன்னிப்புக் கேட்டேன். அவவுக்கு நினைவிருந்தது. “நாலு பேரில்லை, அஞ்சு பேர்,” என்றா.

திணைக்களத்தின் கடைசிக் கடிதம் நான்கு வரிகள். என் முறைப்பாட்டின் பேரில் நடவடிக்கை தொடங்கப்பட்டு முடிவடைந்தது. தேவையானது செய்யப்பட்டுள்ளது. நான் அந்த நடவடிக்கையில் ஒரு தரப்பு அல்ல. ஆகவே முடிவை எனக்குத் தெரிவிக்க முடியாது.

தொலைபேசி எடுத்துக் கேட்டேன். சட்டம் அப்படித்தான் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். எச்சரிக்கையா, கண்டனமா, அபராதமா, எனக்குத் தெரியாது. அந்த வைத்தியருடைய கோப்பில் என் வசனம் ஏறியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். போதுமா? போதாது. ஆனால் முறைப்பாடு செய்தது வீண் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அவர் உட்கார்ந்து, ஏன் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை என்பதற்குத் தன் கையால் பதில் எழுத வேண்டி வந்தது. இதை வாசிக்கும் பெண்களுக்குச் சொல்கிறேன்: அந்த வெற்றிடத்தில் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். எழுதியதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகரசபை நேர்முகம் போன வியாழக்கிழமை நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நாங்கள். ரியா நடுவில், இம்முறை நான் கட்டிய கொண்டையோடு. முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஜூட் நன்றாகப் பதில் சொன்னார். மூன்றாவதை நடுவிலிருந்த கண்ணாடி போட்ட பெண் கேட்டா. நீளமான கேள்வி, வேகமான சுவிஸ் ஜெர்மன். ஜூட்டின் முகத்தைப் பார்த்தேன். விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பதினொரு வயதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. கதிரைக்குக் கீழே என் கையை என் கையாலேயே பிடித்துக்கொண்டேன்.

ஜூட் தொண்டையைச் செருமினார். மன்னிக்க வேண்டும், எனக்கு விளங்கவில்லை, தயவுசெய்து இன்னொரு தடவை மெதுவாகக் கேளுங்கள் என்று, பிழையில்லாத ஜெர்மனில் சொன்னார்.

யாரோ எதையோ குறித்துக்கொண்டார்கள். என்ன என்று தெரியவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஜூட்டைப் பார்த்தே கேள்வியை முதலிலிருந்து கேட்டா.